சிங்கப்பூரில் பார்லர், கிரீம், பேக்கேஜ்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் நமக்கென்று ஒரு பார்லர் அக்கா இருப்பார். புருவத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும், எந்தக் கிரீம் நமக்கு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் நாம் சொல்லாமலே அவருக்குத் தெரியும். சிங்கப்பூருக்கு வந்ததும் அந்த அக்காவை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கிறது. இங்கே கடைக்குப் பஞ்சமில்லை. எந்தக் கடைத்தொகுதிக்குப் போனாலும் ஒரு தளம் முழுக்க சலூனும் ஃபேஷியல் கடையும்தான். சிக்கலே அதில்தான் ஆரம்பிக்கிறது.

வேலைக்கோ படிப்புக்கோ கல்யாணமாகியோ இங்கே வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழகுக் குறிப்பு எதுவும் இதில் இல்லை. எங்கே போவது, எவ்வளவு ஆகும், எதில் கையெழுத்துப் போடக்கூடாது, போட்டுவிட்டால் என்ன செய்வது, இவ்வளவுதான். விலைகளெல்லாம் நான் கொடுத்ததும் விசாரித்ததும். கடைக்குக் கடை கொஞ்சம் ஏறும், இறங்கும். வெள்ளி என்று எழுதியிருப்பது சிங்கப்பூர் டாலரை.

கீழே வரும் எல்லாவற்றிலும் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்களே சோதித்துப் பார்க்காத எதற்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

1. முதல் மாதம் ஊர்ச் சாமானே போதும்

பெட்டி கட்டும்போது ஒரு மாதத்துக்கான சோப்பு, ஷாம்பு, முகக் கிரீம் எடுத்து வாருங்கள். அதற்கு மேல் சுமக்க வேண்டாம், தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) எல்லாம் கிடைக்கும். இன்னொரு காரணமும் உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையத்தில் கிடைக்கும் ஜிஎஸ்டி சலுகை, வொர்க் பெர்மிட், எம்ப்ளாய்மென்ட் பாஸ், டிபெண்டன்ட் பாஸ், மாணவர் பாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. பிரிக்காத புதுப் பொருள்களை அள்ளிக்கொண்டு வந்தால் 9 விழுக்காடு வரி கட்ட வேண்டும். பாதி பயன்படுத்திய பாட்டிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள். 100 மில்லிக்கு மேலான பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஏன் ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறேன் என்றால், வந்த புதிதில் முகம் ஒரு நிலையில் இருக்காது. வெளியே இறங்கினால் வியர்வை, அலுவலகத்திலும் எம்ஆர்டி ரயிலிலும் நடுங்க வைக்கும் ஏசி. நெற்றியும் மூக்கும் பளபளக்க, கன்னம் வறண்டு இழுக்கும். பரு வரும். சென்னைக் குளிர்காலத்துக்கு வாங்கிய கெட்டிக் கிரீம் இங்கே பிசுபிசுக்கும். இந்த நேரத்தில் பதறிப்போய் வாங்கும் பொருள்தான் பிறகு குளியலறை அலமாரியில் தூங்குகிறது. முகம் ஒரு நிலைக்கு வந்தபிறகு பாருங்கள், பலருக்கு ஜெல் போன்ற லேசான மாய்ஸ்சரைசர் ஒன்றே போதுமானதாக இருக்கும்.

விதிவிலக்கு சன்ஸ்கிரீன். அதை முதல் வாரமே வாங்குங்கள். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வருடம் முழுக்க வெயில் ஒன்றுதான். சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் புற ஊதாக் கதிர்க் குறியீட்டை மணிக்கு மணி பார்க்கலாம். நண்பகலில் அது 11-ஐ, அதாவது மிகக் கடுமையான அளவை, தொடும் நாள்கள் சாதாரணம். மேகம் இருந்தாலும் நம்ப வேண்டாம். எஸ்பிஎஃப் 30க்கு மேல், லேபிளில் பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று கூட்டல் குறி உள்ளதாகப் பாருங்கள். ஜப்பானிய, கொரிய ஜெல் வகைகள் 15 முதல் 25 வெள்ளிக்குள் கிடைக்கும். நம் நிறத்தில் சில சன்ஸ்கிரீன்கள் விபூதி பூசியதுபோல் நிற்கும். ஆகையால் கடையில் புறங்கையில் தேய்த்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2. எந்தக் கடையில் எதை வாங்குவது

ஊர்ப் பொருள் என்றால் சையது ஆல்வி சாலையில் இருக்கும் முஸ்தபா. மீரா சீயக்காய், ஐடெக்ஸ் மை, ஹிமாலயா, மைசூர் சாண்டல் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஃபேரர் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் நடை குறைவு. ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் போகாதீர்கள், வரிசையிலேயே பாதிப் பொழுது போய்விடும். சிராங்கூன் சாலையின் சின்னக் கடைகளிலும் இவை உண்டு. அங்கே வாங்கினால் காலாவதித் தேதியைப் பார்த்து எடுங்கள்.

முகம் கழுவும் ஜெல், பருவுக்கான பொருள், சன்ஸ்கிரீன் போன்றவற்றுக்கு வாட்சன்ஸ், கார்டியன். எல்லாப் பேட்டையிலும், அதாவது குடியிருப்பு வட்டாரத்திலும், இருக்கின்றன. இரண்டாவது வாங்கினால் பாதி விலை என்ற மஞ்சள் சீட்டு எங்கு பார்த்தாலும் தொங்கும். முதல் முறை வாங்கும் பொருளுக்கு அந்தச் சீட்டைக் கண்டுகொள்ளாதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வீணாவது இரண்டு பாட்டில். பிரித்த அழகுப் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடைகள் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபவுண்டேஷன் விஷயத்தில் நம்மவர்கள் படும் பாடு தனி. பேட்டைக் கடைகளில் இருக்கும் தட்டு, கிழக்காசிய நிறத்தை மனதில் வைத்து நிரப்பியது. கொரியக் குஷன் (பஞ்சில் ஊறிய ஃபவுண்டேஷன்) என்றால் 21, 23 என்ற இரண்டு எண்கள்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டுமே நம்மில் பலருக்கு மாவு பூசியதுபோல் இருக்கும். 'கொஞ்ச நேரத்தில் செட் ஆகிவிடும்' என்று விற்பனைப் பெண் சொல்வார். ஆகாது. ஆர்ச்சர்டில் செஃபோரா, மேக் போன்ற இடங்களுக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஃபென்டி, மேக் போன்றவற்றில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பல படிகள் உண்டு. விலை கூடத்தான், ஆனால் சரியான எண் தெரிந்துவிட்டால் மற்ற பிராண்டுகளில் அதற்கு இணையானதைத் தேடுவது எளிது.

மணிக்கட்டில் பூசிப் பார்ப்பது உதவாது. மணிக்கட்டின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை ஓரத்தில், கழுத்தைத் தொடும் இடத்தில் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் கோடாக இழுத்துக்கொள்ளுங்கள். கடை விளக்கில் மூன்றும் நன்றாகவே தெரியும். அப்படியே வெளியே நடந்து வந்து, வெயில் வெளிச்சத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். ஒன்று சாம்பலாகத் தெரியும், ஒன்று ஆரஞ்சாகத் தெரியும், ஒன்று எங்கே பூசினோம் என்றே தெரியாது. அந்த மூன்றாவதுதான் உங்களுடையது. உடனே வாங்காமல் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள், சில வகைகள் வியர்வை பட்டதும் கறுத்துவிடும். சின்ன டப்பாவில் கொஞ்சம் மாதிரி தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் வாங்குவதானால் பிராண்டின் அதிகாரபூர்வக் கடையில் மட்டும். பாதி விலைக்குத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கும் சீரம் உண்மையா போலியா என்று வீட்டில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்குக் குறைவான பொருளுக்கும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு. பணம் கட்டும் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

3. 'ஒரே வாரத்தில் வெளுப்பு' தரும் டப்பாக்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்திருப்பது காரணமாகத்தான். ஊரிலிருந்து வரும்போது தோழி ஒருத்தி கொடுத்துவிடுவாள், வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்கா விற்பார், சந்தைக் கடையில் லேபிள் இல்லாத குட்டி டப்பாவாக இருக்கும். இப்படி விற்கப்பட்ட கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு இருந்ததாக, மருந்தையும் அழகுப் பொருளையும் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளவென்று ஆக்கும். நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, பரு கொட்டும். மறுபடி போட்டால் அடங்கும். இப்படியே தோல் மெலிந்துவிடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை. லேபிளில் பொருளின் முழுச் சேர்மானம், தொகுதி எண், தயாரித்த நாடு, இங்கே அதை விற்கும் நிறுவனத்தின் பெயர், முகவரி இருக்க வேண்டும். சிங்கப்பூரில் அழகுப் பொருளை விற்கும் நிறுவனம் விற்பனைக்கு முன் ஆணையத்திடம் அறிவித்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். பட்டியலில் இருந்தால் ஆணையம் சோதித்து அங்கீகரித்தது என்று பொருளில்லை, நிறுவனம் பொறுப்பேற்றிருக்கிறது என்று மட்டும்தான். பட்டியலிலும் இல்லை, முகவரியும் இல்லை என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சேர்மானத்தில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு மருந்து. ஊரில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கொடுப்பார்கள் என்பதால் அது முகக் கிரீம் ஆகிவிடாது. மங்கு, கரும்புள்ளி தொல்லை உண்மையாகவே இருந்தால் முதலில் பக்கத்துக் கிளினிக்குக்குப் போங்கள். பார்க்கும் கட்டணம் 30 முதல் 60 வெள்ளிக்குள் முடியும். மண்டலே சாலையில் தேசியத் தோல் மருத்துவ நிலையம் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக், அரசின் பொது மருத்துவ நிலையம்) பரிந்துரையோடு போகும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு. பாஸில் இருப்பவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அலுவலகக் காப்புறுதியில் (இன்சூரன்ஸ்) தோல் சிகிச்சை வருமா என்று முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் மருத்துவர் எழுதித் தந்த மருந்தை சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரலாம். மருந்துச் சீட்டை உடன் வையுங்கள்.

4. புருவம், வேக்ஸிங்

இதுதான் எல்லாவற்றிலும் சுலபம். தேக்காவைச் சுற்றி, லிட்டில் இந்தியா ஆர்கேட், பஃபலோ சாலை, டன்லப் ஸ்திரீட் பக்கமெல்லாம் சின்னச் சின்னப் பார்லர்கள். புருவம் த்ரெடிங் 5 முதல் 8 வெள்ளி, மேலுதடு 3 முதல் 5. நேரம் குறிக்க வேண்டாம், நேரே போகலாம். ரொக்கம் அல்லது பேநௌ (கைப்பேசியிலேயே வங்கிப் பணம் அனுப்பும் முறை). பெரும்பாலும் காலை பத்து, பத்தரைக்குத்தான் திறப்பார்கள். வார நாள் காலையில் போனால் நிதானமாகச் செய்வார்கள்.

நாற்காலியில் சாய்வதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லுங்கள்: 'அக்கா, ஓரம் மட்டும் சுத்தம் பண்ணுங்க, மெல்லிசாக்க வேண்டாம்.' சாய்ந்தபிறகு பேச முடியாது. நன்றாகச் செய்பவர் கிடைத்தால் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பார்லர்களில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கடையைவிட ஆள்தான் முக்கியம். கடைத்தொகுதியில் புருவத்துக்கென்றே இருக்கும் கடைகளில் இதே வேலை 20 வெள்ளியைத் தாண்டும், கூடவே புருவ எம்பிராய்டரியை (பச்சை குத்துவதுபோல் புருவத்தில் நிறமேற்றுவது) விற்கப் பார்ப்பார்கள்.

கை முழுக்க வேக்ஸிங் 15 முதல் 25 வெள்ளி. தேய்த்த குச்சியையே மறுபடி மெழுகுச் சட்டியில் முக்குகிறார்களா என்று கவனியுங்கள். முக்கினால் எழுந்து வந்துவிடலாம். முகத்துக்கு ரெட்டினால், அடாபலீன் கலந்த கிரீம் போடுபவர்கள் முகத்தில் வேக்ஸிங் வேண்டாம், தோலோடு உரிந்து வரும்.

5. முடி

ஆண்களுக்குக் கவலையில்லை. நம்மவர்கள் நடத்தும் முடிதிருத்தகங்கள் சிராங்கூன் சாலையிலும் பல பேட்டைகளிலும் இருக்கின்றன. 8 முதல் 15 வெள்ளி. பத்து நிமிட எக்ஸ்பிரஸ் கடைகளும் ஏறத்தாழ அதே விலைதான்.

பெண்களுக்கு வெட்டு மட்டும் என்றால் பேட்டைச் சலூனில் 15 முதல் 35, கடைத்தொகுதியில் 50-லிருந்து 100 வரை. பிரச்சினை வெட்டில் வருவதில்லை, பில்லில் வருகிறது. பலகையில் இருப்பது ஆரம்ப விலை. இடுப்பு வரை முடி இருப்பவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது. உட்காருவதற்கு முன் முடியை அவிழ்த்துக் காட்டி இவற்றைக் கேளுங்கள்: நீளத்துக்குத் தனிக் காசா, அலசுவதும் உலர்த்துவதும் சேர்த்தியா, நடுவில் ட்ரீட்மென்ட் என்று ஏதாவது சேர்ப்பீர்களா. கடைசியாக 'நெட் எவ்வளவு?' என்று ஒரே எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த சலூன் வாயால் சொல்லும் விலையிலும் வரியைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது விதி. பில் போடும்போது 9 விழுக்காடு முளைத்தால் கேளுங்கள்.

சீனச் சலூன்களில் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் நம்முடைய அடர்த்தியான சுருள் முடியைக் கையாள எல்லாருக்கும் பழக்கமிருக்காது, பார்த்தவுடன் ரீபாண்டிங் (ரசாயனம் போட்டு முடியை நேராக்குவது) செய்யச் சொல்வார்கள். செய்வதானால் 120-லிருந்து 300-க்கு மேலும் ஆகும், அரை நாள் போகும், வேர் வளர வளரத் திரும்பப் போக வேண்டும்.

மருதாணி போடும் பழக்கம் இருந்தால் நிறமேற்றுமுன் கட்டாயம் சொல்லுங்கள். கலப்பட மருதாணிப் பொடிகளில் உலோக உப்பு இருக்கலாம். அதன்மேல் ப்ளீச் பட்டால் முடி சூடாகிக் கருகும். டை போடுவதானால் 48 மணி நேரம் முன்னதாகக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். சலூனில் யாரும் இதைச் செய்யச் சொல்வதில்லை. நீங்கள்தான் இரண்டு நாள் முன்னதாகவே போய்க் கேட்க வேண்டும்.

வந்து இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டும். எல்லாரும் தண்ணீரைத் திட்டுவோம். இடம் மாறிய அலைச்சல், தூக்கம் கெட்டது, சாப்பாடு மாறியது, ஊரில் வந்த காய்ச்சல் இவற்றுக்கெல்லாம் உடம்பு இரண்டு மூன்று மாதம் கழித்து முடியில் கணக்குத் தீர்க்கும்; பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக அடங்கிவிடும். அந்த ஆறு மாதத்தைக் குறிவைத்துத்தான் இலவசத் தலைச்சருமப் பரிசோதனைக் கடைகள் காத்திருக்கின்றன. கேமராவில் பெரிதாக்கிக் காட்டினால் யார் தலையும் பயமுறுத்தும். ஆயிரக்கணக்கில் பேக்கேஜ் எடுப்பதற்கு முன் கிளினிக்கில் தைராய்டு, இரும்புச்சத்து பார்க்கச் சொல்லுங்கள்.

6. பேக்கேஜ்: பெரிய பணம் போகும் இடம்

எம்ஆர்டி வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சீட்டு நீட்டுவார்: முதல் ஃபேஷியல் 38 வெள்ளி, வழக்கமான விலை 200-க்கு மேல். போகலாம், தப்பில்லை. உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் ஒரு படிவம். அதில் அடையாள அட்டை எண் கேட்டால் எழுதாதீர்கள். சட்டம் கேட்காத இடத்தில் கடைகள் அந்த எண்ணை வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் விதி, பாஸ்காரர்களின் ஃபின் எண்ணும் அதில் சேர்த்தி. பெயரும் கைப்பேசி எண்ணும் போதும். அப்புறம் படுக்கை, நீராவி, கரும்புள்ளி எடுப்பது. முகத்தில் மாஸ்க் காயும் நேரத்தில்தான் பேச்சு ஆரம்பிக்கும். கண்ணைத் திறக்க முடியாது, எழுந்து போகவும் முடியாது. 'உங்க ஸ்கின் ரொம்ப டீஹைட்ரேட்டட்', 'இந்தியன் ஸ்கின்னுக்கு ஒன்று இரண்டு செஷன் போதாது'. மாஸ்க்கைத் துடைத்ததும் கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போய், இஞ்சி டீ கொடுத்து, மேலாளர் ஒருவர் கால்குலேட்டரோடு வந்து உட்காருவார். முதல் எண் 3,800. தலையாட்டாமல் இருந்தால் 2,400. இன்றைக்கு மட்டும் 1,680, வட்டியில்லாத் தவணை. எனக்கு இது நடந்த கடையில், யோசித்துச் சொல்கிறேன் என்றதும் கைப்பையைக் கொண்டுவந்து தரவே தாமதித்தார்கள்.

சமாளிக்கும் வழி இருக்கிறது. வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: 'டுடே ட்ரை ஒன்லி, நோ பேக்கேஜ்.' 38 வெள்ளியை முதலிலேயே கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கடன் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு ரொக்கத்தோடு போவது இன்னும் நல்லது. காரணம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் அவர்களிடம் பதில் தயாராக இருக்கும், 'வேண்டாம்' என்பதற்கு மட்டும்தான் இருக்காது. மிதமிஞ்சி நெருக்கி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிகச் செயல்.

நன்றாகச் செய்கிறார்கள், அடிக்கடி போகப்போகிறேன் என்று தோன்றினால் பேக்கேஜ் எடுக்கலாம்தான். ஆனால் தனித்தனியாகக் காசு கட்டி மூன்று நான்கு தடவை போய்விட்டு எடுங்கள். எடுக்கும்போது பார்க்க வேண்டியவை:

நம்பகமான கடைகளுக்குச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் தரும் கேஸ்டிரஸ்ட் முத்திரை கடைக்கு இருக்கிறதா? கதவில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், பழையதாக இருக்கலாம். பயனீட்டாளர் சங்கத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். முத்திரை பெற்ற ஸ்பா, அழகு நிலையங்களில் பேக்கேஜ் வாங்கி ஐந்து வேலை நாளுக்குள், எதையும் பயன்படுத்தாமல் இருந்தால், பணத்தை முழுதாகத் திரும்பக் கேட்கலாம். முன்பணத்துக்குக் காப்புறுதி உண்டா, எத்தனை வெள்ளி வரை, அதற்கான சான்று எங்கே என்றும் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை செஷன், ஒரு செஷன் எத்தனை வெள்ளி, எப்போது காலாவதி, எந்தக் கிளைகளில் செல்லும், வேலை மாறி ஊருக்குப் போனால் இன்னொருவருக்கு மாற்றலாமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 'ஃப்ரீ' என்று வாயால் சொன்ன ஐந்து செஷனும் எழுத்தில் வரட்டும். பணத்தைத் திருப்பித் தரும்போது ஃப்ரீ செஷனுக்கு மதிப்பில்லை என்பார்கள், இங்கே பலர் ஏமாறுவது இதில்தான். உங்கள் பாஸ் காலாவதியாகும் தேதியைத் தாண்டிப் போகும் பேக்கேஜை எடுக்கவே எடுக்காதீர்கள். தவணையிலும் கவனம் தேவை: தவணைக் கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில் இருப்பது. கடை மூடினாலும் மாதாமாதம் கட்டச் சொல்லி வரும்.

7. லேசர், ஐபிஎல், ஊசி

முகத்தில் ஊசி போடும் எதையும், போட்டாக்ஸ், ஃபில்லர் எதுவானாலும், பதிவுபெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும். மருத்துவரின் பெயரை சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பார்லரில் ஒருவர் ஊசியை எடுத்தால் எழுந்துவிடுங்கள்.

பளிச்சென்று ஒளியைப் பாய்ச்சி முடி நீக்கும் ஐபிஎல் பல அழகு நிலையங்களில் இருக்கிறது. அந்த ஒளி கறுப்பு நிறமியைத் தேடிப் போவது. வெளுத்த தோலில் முடியைச் சுடும், கறுத்த தோலில் தோலையும் சேர்த்துச் சுடும். விளம்பரத்தில் இருப்பவருக்கு நன்றாக வந்தது உங்களுக்குத் தீக்காயத்தையும் தழும்பையும் தரலாம். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் ஐபிஎல்லைவிடப் பாதுகாப்பானது. எந்த இயந்திரம், எங்கள் நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேட்டு, சின்ன இடத்தில் ஒருமுறை சோதித்து, சில நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பொதுவாக ஆறு முதல் எட்டு அமர்வு, நான்கு முதல் ஆறு வார இடைவெளி. ஒரு அமர்வின் விலையைப் பார்த்து மயங்காமல் எட்டால் பெருக்கிப் பாருங்கள்.

8. வீட்டில் நடத்தும் பார்லர்கள்

செங்காங், பொங்கோல், ஊட்லண்ட்ஸ் பக்கம் வீட்டிலேயே ஃபேஷியல், மருதாணி, மணப்பெண் அலங்காரம் செய்யும் நம்மூர்ப் பெண்கள் நிறைய. விலை குறைவு, தமிழில் பேசலாம், குழந்தையைக் கூட்டிப் போகலாம். எனக்குப் பிடித்தது இதுதான். பணத்தை அன்றன்றைக்குக் கொடுங்கள், முன்பணப் பேக்கேஜ் இங்கேயும் வேண்டாம்.

கைத்தொழில் தெரிந்து டிபெண்டன்ட் பாஸில் வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 2021 மே முதல் டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் இங்கே வேலை செய்ய உரிய அனுமதி எடுக்க வேண்டும். தோழிக்குப் புருவம் எடுத்து ஐந்து வெள்ளி வாங்குவதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மனிதவள அமைச்சின் விதியைப் பார்க்காமல் ஆரம்பித்தால் குடும்பத்தின் பாஸுக்கே சிக்கல் வரலாம்.

9. எப்போது போவது

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் லிட்டில் இந்தியாவில் நடக்கவே இடமிருக்காது. மருதாணிக்குக் கேம்பல் லேன் பக்கம் கடைகள் போடுவார்கள், வார நாள் மதியம் போனால் காத்திருப்பு குறைவு. கறுப்பு மருதாணி என்று எதையாவது காட்டினால் கை நீட்டாதீர்கள். அதில் முடிச் சாயம் கலப்பார்கள், கொப்புளம் வரும். சீனப் புத்தாண்டுக்கு முன் பேட்டைச் சலூன்களில் கட்டணம் ஏறும், பண்டிகை நாளில் மூடியிருக்கும். அதனால் பொங்கல் முடிந்ததும் முடியை வெட்டிக்கொண்டுவிடுங்கள்.

10. பணம் மாட்டிக்கொண்டால்

முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ. தேதி, கட்டிய தொகை, மீதமுள்ள செஷன், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்று நான்கு வரி போதும். அட்டையில் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கியையும் கூப்பிட்டுக் கட்டணத்தை எதிர்த்துப் பதிவு செய்யுங்கள், தாமதித்தால் வாய்ப்பு போய்விடும்.

பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம், அதாவது கேஸ். அவர்கள் கடையோடு பேசிப் பார்ப்பார்கள், கட்டாயப்படுத்தும் அதிகாரம் கிடையாது. அதற்கடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். இணையத்திலேயே சிங்பாஸ் (அரசின் மின்னியல் அடையாளக் கணக்கு) வழியாகப் பதியலாம். பயனீட்டாளருக்குப் பதிவுக் கட்டணம் 5,000 வெள்ளி வரையான கோரிக்கைக்கு 10 வெள்ளி, 10,000 வரை 20 வெள்ளி. வழக்கறிஞர் வைக்க முடியாது, கடைக்காரரும் வைக்க முடியாது என்பது நமக்குச் சாதகம்.

கையில் இருக்க வேண்டியவை: ஒப்பந்தம், ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, செஷன் பதிவு அட்டையின் படம், வாட்ஸ்அப் உரையாடல், தோலில் ஏதாவது ஆகியிருந்தால் தேதியோடு படமும் கிளினிக் சீட்டும். செஷன் அட்டை கடையிலேயே இருக்கும். ஆகையால் ஒவ்வொரு தடவையும் கையெழுத்துப் போட்டவுடன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் இருக்கும் நிறுவனப் பெயரும் பலகையில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கலாம்; கோரிக்கையில் எழுத வேண்டியது ரசீதில் உள்ள பதிவுப் பெயரை. அந்த நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அரசின் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் இலவசமாகத் தேடலாம். நிறுவனம் கலைப்பில் இருந்தால், அதை மூடிக் கணக்குத் தீர்க்கும் கலைப்பாளரிடம், உங்களுக்கு வர வேண்டிய தொகைக்கான கடன் சான்று கொடுக்க வேண்டியதுதான். அதில் முழுப் பணம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேலை முடிந்து ஊர் திரும்பப் போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே கோரிக்கையைப் பதியுங்கள். விசாரணைக்கு நீங்கள்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும்.